ரத்தத்துக்குப் பொறுப்பாளி யார்? குடும்பத்துக்குள் நடக்கும் கொலையும் இஸ்லாமியச் சட்டமும்

கலீஃபா உமரின் ஆட்சிக் காலம். பனூ முத்லிஜ் குலத்தைச் சேர்ந்த ஒருவர் தன் மகன் மீது வாளை வீசினார். அது மகனின் காலில் பட்டது. ரத்தம் நிற்கவில்லை, மகன் இறந்துபோனான். அந்தக் குலத்தின் முக்கியஸ்தரான சுராக்கா இப்னு ஜுஃஷும் உமரிடம் வந்து விவரத்தைச் சொன்னார். "நான் வரும்வரை குதைத் நீர்நிலையருகே 120 ஒட்டகங்களை எண்ணி நிறுத்திவை" என்றார் உமர். அங்கே வந்து சேர்ந்ததும் அவற்றிலிருந்து நூற்றைப் பிரித்தெடுத்தார்: மூன்று வயது நிறைந்தவை 30, நான்கு வயது நிறைந்தவை 30, சினையானவை 40. "கொல்லப்பட்டவனின் சகோதரன் எங்கே?" என்று கேட்டார். "இதோ இருக்கிறேன்" என்று ஒருவர் முன்வந்தார். ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்த உமர், "கொன்றவனுக்கு எதுவும் இல்லை" என்ற நபிகள் நாயகத்தின் வாக்கைக் காரணமாகச் சொன்னார்.

பழங்கால இஸ்லாமியச் சட்ட அறிஞர் இமாம் மாலிக் பதிவுசெய்திருக்கும் இந்தச் சம்பவம், குடும்பக் கொலைகள் பற்றிய சட்ட விவாதங்களில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறது. தந்தையின் உயிர் எடுக்கப்படவில்லை. ஆனால் மகனின் உயிருக்கு ஈடாகத் தரப்பட்ட அந்த ஒட்டகங்களில், அதாவது ரத்த ஈட்டில், அவருக்கு ஒரு குட்டிகூடக் கிடைக்கவில்லை. இந்த இரண்டு முடிவுகளில் இரண்டாவதைப் பற்றி இன்றும் பெரிய சர்ச்சை இல்லை. முதலாவதுதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிக்கலாக நீடிக்கிறது. இன்று பாகிஸ்தானிலும் ஈரானிலும் மகள்களைக் கொன்ற தந்தையரின் வழக்குகள் அந்தச் சிக்கலில்தான் வந்து நிற்கின்றன.

கொலை என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது அரசுத் தரப்பு வழக்கு. இறந்தவரின் குடும்பம் அதில் வெறும் சாட்சி. ஃபிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்டவியல் மரபில் நிலைமை வேறு. அங்கே கொலை முதன்மையாக மனித உரிமை மீறல். அந்த உரிமை இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குச் சேர்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வலீக்கு, அதாவது பொறுப்பாளருக்கு, அதிகாரம் அளித்திருப்பதாகக் குர்ஆன் சொல்கிறது (17:33). அதே வசனம் அவர் கொலைக்குப் பழி தீர்ப்பதில் வரம்பு மீறக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. திட்டமிட்ட கொலை என்றால் வலீயின் முன் மூன்று வழிகள்: உயிருக்கு உயிர் என்ற கிஸாஸ், தியத் எனப்படும் ரத்த ஈடு, மரபுக் கணக்கில் 100 ஒட்டகங்கள், அல்லது எதுவும் வாங்காமல் மன்னிப்பது. மன்னிப்பதைக் குர்ஆன் புகழ்கிறது (5:45). தவறுதலாக நடந்த கொலைக்குக் கிஸாஸ் இல்லை; ரத்த ஈடும் கப்பாரா என்ற பரிகாரமும்தான் (4:92). அந்த ஈட்டைக் கொன்றவரின் ஆண்வழி உறவினர் கூட்டாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் கட்ட வேண்டும்.

இந்த அமைப்பு எந்தச் சூழலுக்காகப் பிறந்தது என்பதைப் பார்த்தால் அதன் அறிவு புரியும். அரசும் காவலும் இல்லாத பாலைநிலத்தில் ஒரு குலத்தவர் இன்னொரு குலத்தவரைக் கொன்றால், பதிலுக்கு ஒருவர் அல்ல, பலர் விழுவார்கள். பகை தலைமுறைகள் தாண்டும். கிஸாஸ் அதற்குக் கடிவாளம் போட்டது: கொன்றவர் மட்டும், ஒரே ஒருவர், அதுவும் நிரூபணத்துக்குப் பிறகு. தியத்தும் மன்னிப்பும் இரு குலங்கள் சமாதானமாவதற்குக் கதவைத் திறந்துவைத்தன.

ஆனால் இதற்குள் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. கொன்றவர் ஒரு பக்கம், பழி கேட்பவர் எதிர்ப் பக்கம் என்பதே அது. வலீ தன் இரத்த உறவுக்காகக் கொதிப்பார், கொன்றவருக்கு எளிதில் இரங்க மாட்டார், ஆகவே அவர் தரும் மன்னிப்புக்கு மதிப்பு உண்டு என்று சட்டம் நம்புகிறது. அண்ணன் தங்கையைக் கொன்றால்? வலீ அவர்களுடைய தந்தை. பறிபோனதும் அவர் பிள்ளை, குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் அவர் பிள்ளை. கணவன் மனைவியைக் கொன்றால் அவளுடைய வாரிசுகளில் அவன் பெற்ற குழந்தைகளும் இருப்பார்கள். பழி கேட்க வேண்டியவரும் கொன்றவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். ஷரீஅத் சட்டம் குடும்பக் கொலையை லேசாக எடுத்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது. என் கணிப்பில் பிரச்சினையின் வேர் அங்கே இல்லை. குலங்களுக்கு இடையிலான கொலைக்கென்று வார்த்த ஓர் ஏற்பாடு வீட்டுக்குள் வரும்போது பிடிமானம் இழக்கிறது என்பதே உண்மை.

பெற்றோர் பிள்ளையைக் கொல்லும் நிலைதான் இதில் மிகக் கடினமானது. "மகனுக்காகத் தந்தை கொல்லப்பட மாட்டார்" என்று உமர் வழியாக ஒரு ஹதீஸ் (நபிமொழி) வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் குழப்பம் இருப்பதாக அதைத் தொகுத்த திர்மிதியே குறிப்பிட்டார்; அறிஞர்கள் அதன்படி நடப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். ஹனஃபி, ஷாஃபி, ஹம்பலி ஆகிய சன்னி மத்ஹபுகள் (சட்டப் பள்ளிகள்) இதை ஏற்று, தந்தை மட்டுமல்ல, தாய், பாட்டன், பாட்டி ஆகியோருக்கும் கிஸாஸ் கிடையாது என்றன. ஷீஆ சட்டம் இந்த விலக்கைத் தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனுக்கும் மட்டும் தருகிறது. அங்கே பிள்ளையைக் கொன்ற தாய்க்கு மரண தண்டனை உண்டு. ஒரே குற்றத்துக்குத் தாய்க்கு ஒரு நியாயம், தந்தைக்கு ஒரு நியாயம் என்று எந்த அடிப்படையில் பிரிப்பது? எனக்கு ஏற்கத்தக்க பதில் கிடைக்கவில்லை.

விலக்குக்கு அறிஞர்கள் இரண்டு காரணங்கள் சொன்னார்கள். மகன் உலகுக்கு வரக் காரணமாக இருந்தவர் தந்தை. அவர் உலகைவிட்டுப் போக மகன் காரணமாகக் கூடாது என்பது ஒன்று. பெற்ற பாசம் அவ்வளவு ஆழமானது என்பதால், தந்தை வேண்டுமென்றே கொன்றிருப்பார் என்பதில் எப்போதும் ஒரு சந்தேகம் எஞ்சும். சந்தேகம் இருந்தால் உச்ச தண்டனை விலகும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் முத்லிஜ் குலத்தவர் வழக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது. கோபத்தில் வீசிய வாள் காலில் பட்டது. கொல்ல நினைத்தவர் காலைக் குறிவைப்பாரா?

இமாம் மாலிக் இங்கேதான் கோடு கிழித்தார். தண்டிக்க வீசியது உயிரைப் பறித்துவிட்டால் கனமான ரத்த ஈடு போதும். ஆனால் பிள்ளையைக் கீழே கிடத்திக் கழுத்தை அறுத்தால் எந்தச் சந்தேகமும் மிஞ்சாது. அப்படிப்பட்ட தந்தை கிஸாஸுக்கு உரியவர் என்றார். இப்னுல் முன்திர் போன்ற சிலர் இன்னும் தெளிவாக, கிஸாஸ் வசனங்கள் தந்தையை விலக்கவில்லை, ஆகவே தந்தைக்கும் அதே சட்டம் என்றனர். இவர்கள் சிறுபான்மை. ஆனாலும் மரபுக்குள்ளேயே இந்தக் குரல் ஒலித்தது. அதை இன்றைய சீர்திருத்தவாதிகள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை.

கிஸாஸ் இல்லை என்பதை அனுமதி என்று வாசித்துவிடக் கூடாது. பிள்ளைக் கொலையைக் குர்ஆன் கண்டிக்கும் வேகம் வேறு எந்தக் கொலைக்கும் குறைந்ததல்ல. வறுமைக்கு அஞ்சி உங்கள் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று இரண்டு இடங்களில் தடுக்கிறது (6:151, 17:31). பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, அவமானத்தோடு வைத்துக்கொள்வதா மண்ணில் புதைப்பதா என்று தடுமாறும் தந்தையைச் சித்திரித்துவிட்டு, அவர்கள் தீர்மானிப்பது எவ்வளவு கெட்டது என்கிறது (16:58–59). இறுதி நாளில் உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் "எந்தப் பாவத்துக்காக நீ கொல்லப்பட்டாய்?" என்று கேட்கப்படும் (81:8–9). கேள்வி கொன்றவனிடம் போகவில்லை, அந்தக் குழந்தையிடம் போகிறது. வாதியாக நிற்பவள் அவளே. பூமியில் நடந்த வழக்கில் அவளுக்காகப் பேச யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதை அந்த இரண்டு சிறிய வசனங்கள் அறிந்தே பேசுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்த் திசையில், பிள்ளை பெற்றோரைக் கொன்றால் கிஸாஸ் உண்டு. சகோதரர்களுக்கு இடையிலும் உண்டு. கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு என்பதே பெரும்பான்மைக் கருத்து. ஆனால் பழி கேட்கும் உரிமை வாரிசுரிமையைப் போலக் கைமாறுவதால் விசித்திரமான முடிவுகள் வரும். ஷாஃபி நூல்களில் பிரபலமான ஓர் உதாரணம். இரண்டு சகோதரர்கள். மூத்தவன் தந்தையைக் கொல்கிறான். அவனைப் பழி கேட்கும் உரிமை இப்போது தாய்க்கும் இளையவனுக்கும் சேர்கிறது. பிறகு இளையவன் தாயைக் கொல்கிறான். தாயிடம் இருந்த உரிமைப் பங்கு அவளுடைய வாரிசுக்குப் போக வேண்டும். கொன்ற இளையவன் வாரிசாக முடியாது. எனவே அது மூத்தவனுக்கே வருகிறது. தன் உயிரின் மீதான உரிமையில் எட்டில் ஒரு பங்குக்கு அவனே சொந்தக்காரன் ஆகிவிட்டான்! கிஸாஸ் உரிமையைத் துண்டுபோட முடியாது. ஒரு பங்கு விழுந்தால், அதாவது செல்லாமல் போனால், முழுவதும் விழும். முதலில் கொன்றவன் தப்புகிறான். மீதமுள்ள ஈட்டைக் கட்டினால் போதும். இரண்டாவதாகக் கொன்றவன் மாட்டிக்கொள்கிறான்.

மாணவர்களின் மூளைக்கு வேலை கொடுக்க எழுதப்பட்ட கணக்குதான் இது. ஆனால் இதே தர்க்கம் நிஜ வழக்குகளில் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். மனைவியைக் கொன்ற கணவனுக்கு அவள் மூலம் குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தை தாயின் வாரிசு. தந்தைமீது பழி கேட்கும் உரிமையும் அதற்கு வருகிறது. மகன் தந்தையின் உயிரைக் கேட்க முடியாது. ஆகவே கிஸாஸ் விழுகிறது. குழந்தை இல்லாத மனைவியைக் கொன்றவன் தூக்கு மேடை ஏறலாம், குழந்தை பெற்றவளைக் கொன்றவன் ஏற மாட்டான். சட்ட நுணுக்கம் தன் வேலையைச் சரியாகச் செய்து, நீதி எங்கோ தவறிப்போகும் இடம் இது.

வாரிசுரிமைத் தடை மட்டும் வீட்டுக்குள்ளும் கூர்மையாகவே வேலை செய்கிறது. சொத்துக்காகக் கொல்பவனுக்குச் சொத்து கிடைக்காது. ஷாஃபி மத்ஹபில் தவறுதலாகக் கொன்றவருக்கும் பங்கு இல்லை. இமாம் மாலிக்கின் வழிவந்த மாலிக்கிகள் தவறுதலாகக் கொன்றவருக்குச் சொத்தில் பங்கு தருகிறார்கள், ரத்த ஈட்டில் தருவதில்லை. ஹுதைல் குலத்தில் இரண்டு பெண்கள் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல் மற்றவளையும் அவள் வயிற்றிலிருந்த கருவையும் கொன்றது. தாய்க்கு ரத்த ஈடு, கருவுக்குத் தனியாக ஓர் ஈடு என்று நபிகள் தீர்ப்பளித்தார். இருவரும் ஒரே கணவரின் மனைவியர் என்று சில அறிவிப்புகள் சொல்கின்றன. கருவுக்குரிய ஈடு, முழு ரத்த ஈட்டில் இருபதில் ஒரு பங்கு. கருவைச் சிதைத்தவர் தந்தையே ஆனாலும் அதில் அவருக்குப் பங்கு இல்லை.

இனி ஆணவக் கொலை. இது இஸ்லாமியச் சட்டத்தின் பெயரில் நியாயப்படுத்தப்படுவதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நபித்தோழர் சஅத் இப்னு உபாதா, "என் மனைவியோடு ஒருவனைக் கண்டால், நான்கு சாட்சிகளைக் கொண்டுவரும்வரை அவனை விட்டுவைக்க வேண்டுமா?" என்று கேட்டார். "ஆம்" என்பதே நபிகளின் பதில். சிரியாவில் ஒருவர் தம் மனைவியோடு வேறொருவரைக் கண்டு கொன்றுவிட்ட வழக்கில், அங்கே ஆட்சிசெய்த முஆவியாவுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. கலீஃபா அலீயின் கருத்தைக் கேட்டனுப்பினார். நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் கொன்றவரைக் கயிற்றில் கட்டி இறந்தவரின் உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அலீ சொன்னார். சாட்சி இல்லாத கணவனுக்குக் குர்ஆன் வைத்திருக்கும் வழி லிஆன்: இருவரும் இறைவன்மீது ஆணையிட்டுச் சொல்வது (24:6–9). அதன்பின் திருமணம் முறியும். யாருடைய உயிரும் போகாது.

மரபில் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றதைக் கணவன் நிரூபித்துவிட்டால் அவனுக்குக் கிஸாஸ் இல்லை என்று அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் விருப்பத் திருமணம் செய்த மகளையோ தங்கையையோ கொல்வதற்கு அந்தச் சலுகையிலும் இடமில்லை. ஹனஃபி மத்ஹபில் வயதுவந்த பெண் பொறுப்பாளர் இல்லாமல் தானே செய்துகொண்ட நிக்காஹ் செல்லும். மணமகன் தகுதியில் குறைந்தவர் என்று குடும்பம் கருதினால் காஜியிடம் போய் முறையிடலாம். அதற்கு மேல் எந்த உரிமையும் குடும்பத்துக்குக் கிடையாது.

அரபு நாடுகளின் சட்டப் புத்தகங்களில் ஆணவக் கொலைக்கு இருந்த தண்டனைக் குறைப்பு எங்கிருந்து வந்தது என்பது பலரை வியக்கவைக்கும். நெப்போலியன் காலத்து 1810 பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தின் 324ஆவது பிரிவு, வீட்டில் மனைவியைப் பிற ஆணோடு கண்டு கொன்ற கணவனுக்குச் சலுகை தந்தது. 1858 உதுமானியத் தண்டனைச் சட்டம் அதை 188ஆவது பிரிவாக வாங்கிக்கொண்டு, மனைவியோடு மற்றப் பெண் உறவினர்களையும் சேர்த்தது. ஜோர்தானின் 1960 சட்டத்தில் 340ஆவது பிரிவு அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பிரான்ஸ் தன் பிரிவை நீக்கியது 1975இல்தான். துனிசியா 1993இலும் லெபனான் 2011இலும் நீக்கின. சட்டப் பிரிவாக வந்தது பாரீஸிலிருந்து. அதைக் காப்பாற்ற நாடாளுமன்றங்களில் எழுந்த குரல்களோ மதத்தின் பெயரைச் சொல்லின. இது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

ஈரானில் நிலைமை நேரடியாக ஃபிக்ஹிலிருந்தே வருகிறது. 2013 தண்டனைச் சட்டத்தின் 301ஆவது பிரிவு, கொன்றவர் தந்தையாகவோ தந்தைவழிப் பாட்டனாகவோ இருந்தால் கிஸாஸ் இல்லை என்கிறது. 612ஆவது பிரிவின் கீழ் மூன்று முதல் பத்து ஆண்டுச் சிறைதான் மிச்சம். 2020 மே மாதம் கிலான் மாகாணத்தில், விரும்பியவரோடு வீட்டைவிட்டுப் போய் மீட்டுவரப்பட்ட ஒரு பதின்வயதுச் சிறுமியை அவளுடைய தந்தை தூக்கத்தில் அரிவாளால் கொன்றார். தீர்ப்பு: ஒன்பது ஆண்டுகள். தாய் அந்தத் தண்டனை போதாது என்று எதிர்த்தார். நாடு கொந்தளித்த அந்த வாரங்களில் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று அவசரமாக நிறைவேறியது. 301ஆவது பிரிவைத் தொடவில்லை.

கிஸாஸ் விழுந்தால் கை விரிக்க வேண்டும் என்று ஃபிக்ஹு சொல்லவில்லை. தஃஸீர் என்பது நீதிபதியும் ஆட்சியாளரும் தம் பொறுப்பில் விதிக்கும் தண்டனை. வலீயின் மன்னிப்பு அதைக் கட்டுப்படுத்தாது. மன்னிக்கப்பட்ட கொலையாளிக்கு நூறு கசையடியும் ஓராண்டுச் சிறையும் உண்டு என்பது மாலிக்கி மத்ஹபின் பழைய நிலைப்பாடு. நம்பவைத்துத் தனியிடத்துக்கு அழைத்துப் போய்க் கொல்வதை மாலிக்கிகள் தனிவகையாக்கி, அங்கே குடும்பத்தின் மன்னிப்பே செல்லாது என்றார்கள். சொந்த வீட்டில் தூங்கும்போது கொல்லப்படுபவரைவிட நம்பி ஏமாந்தவர் யார்? பொறுப்பாளர் இல்லாதவருக்கு ஆட்சியாளரே பொறுப்பாளர் என்ற கொள்கையும் கைவசம் இருக்கிறது. ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன் போலாவான் என்ற வசனம் (5:32), ஆதமின் மகன் தன் சகோதரனைக் கொன்ற வரலாற்றை அடுத்தே வருகிறது. முதல் கொலையே குடும்பக் கொலை. அதை வைத்துத்தான் குர்ஆன் கொலையை உலகம் முழுவதன் விஷயமாக்குகிறது. இதைவிட வலுவான ஆதாரம் அரசுத் தரப்புக்கு வேறு தேவையில்லை.

இந்தக் கருவிகளைச் சட்டப்பிரிவுகளாக மாற்றிப் பார்த்த நாடு பாகிஸ்தான். அங்கே முதலில் நடந்தது இதற்கு நேரெதிரானது. பிரிட்டிஷார் 1790இல் வங்காளத்தில் வாரிசுகளின் மன்னிக்கும் உரிமையை ஒழித்து, கொலையை அரசின் வழக்காக்கியிருந்தார்கள். 1990இல் கிஸாஸ், தியத் அவசரச் சட்டம் அந்த உரிமையைத் திரும்பக் கொண்டுவந்தது. 1997இல் அது நிரந்தரச் சட்டமானது. தண்டனைச் சட்டத்தின் 306ஆவது பிரிவு பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ கொன்றவரைக் கிஸாஸிலிருந்து விலக்கியது. பலியானவரின் வலீ கொன்றவரின் வழித்தோன்றலாக இருந்தாலும் விலக்கு. 309, 310ஆவது பிரிவுகள் மன்னிப்புக்கும் சமரசத்துக்கும் வழி தந்தன. அண்ணன் கொல்வான், தந்தை மன்னிப்பார். பல இடங்களில் கொலைக்கு முன்பே அது பேசி முடிவாகியிருக்கும்.

2005இல் ஒரு திருத்தம்: ஆணவக் கொலையில் குற்றம் சாட்டப்பட்டவர் வலீயாக முடியாது. ஆனால் மற்ற உறவினரின் மன்னிப்பு தொடர்ந்தது. 2016 ஜூலையில் சமூக ஊடகப் பிரபலம் கந்தீல் பலோச், முல்தானில் பெற்றோர் வீட்டில் தன் சகோதரனால் கொல்லப்பட்டார். அக்டோபரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது: ஆணவத்தின் பெயரால் நடந்த கொலையில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உறுதி.

2019இல் சகோதரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு சாட்சிகள் பின்வாங்கினார்கள். தாய் மன்னித்தார். 2022 பிப்ரவரியில் லாகூர் உயர் நீதிமன்றத்தின் முல்தான் அமர்வு சகோதரனை விடுதலை செய்தது. ஆணவம்தான் காரணம் என்று நிரூபித்தால்தான் 2016 சட்டம் மன்னிப்பைத் தடுக்கும். நிரூபிக்க வேண்டிய சாட்சிகளோ பெரும்பாலும் அதே வீட்டில் இருப்பவர்கள். சொத்துத் தகராறு, குடும்பச் சண்டை என்று வழக்கு மாறினால் 309ஆவது பிரிவு முன்போலவே திறந்திருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் தந்தை, தாய், அல்லது பெற்றவளை இழந்த பிள்ளை.